கூட்டம் கலையவில்லை

தென்காசி வட்டாரத்தில் புதிதாக நாடகம் எழுதுகிறவர்கள் மொத்தம் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரும் பயப்படுகிற ஒரே ஆள் உச்சிமாகாளி. அவருக்கு நாடகம் எழுதவும் தெரியாது, நடிக்கவும் தெரியாது. மைக்கைக் கையில் கொடுத்து ரெண்டு வார்த்தை பேசச் சொன்னால், அதை ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் நீட்டிவிடுவார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது மட்டும்தான். மேடையைப் பாதி பார்ப்பார், பார்க்க வந்த சனங்களைப் பாதி பார்ப்பார். பார்த்ததை ராத்திரியே ஒரு முழு வெள்ளைத்தாளில் எழுதி, மறுநாள் காலையில் ஆசிப்பின் ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிட்டுப் போவார். நாடகம் எழுதின ஆள் தைரியம் இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

அந்தத் தாளுக்கு ரிப்போர்ட் என்று பெயர். அதனால் அவருக்கும் ரிப்போர்ட் அண்ணாச்சி என்றே பெயர் ஆகிவிட்டது.

ஆசிப்தான் இந்தக் கூத்தையெல்லாம் ஆரம்பித்து வைத்தவன். ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் எழுதினதைப் பிரதி எடுத்து எடுத்து, தானும் ஏதாவது எழுத வேண்டும் என்று ஆசை வந்ததாகச் சொல்வான். மூணு வருஷமாக மாசத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நாலு புது நாடகம் போடுகிறார்கள். எதுவும் பதினைந்து நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. முகூர்த்த நாளாக இருந்தால் இடம் கிடையாது, மொட்டைமாடிக்குப் போக வேண்டியதுதான். பதினைந்து நிமிஷத்தில் என்ன பெரிய நாடகம் என்று கேட்கிறவர்கள் உண்டு. ஊசி போட எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர்களிடம் திருப்பிக் கேட்கலாம்.

ஆசிப் எழுதின முதல் நாடகத்தில் ஒரு பீடி சுற்றுகிற அம்மா ரேஷன் கடைக்கு வருவாள். முப்பது வருஷம் பீடி சுற்றித் தேய்ந்துபோன விரல். மெஷின் அவளுடைய ரேகையை எடுக்காது. அவள் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பாள், கடைசியில் கால் பெருவிரலையும் வைத்துப் பார்ப்பாள். அந்த நாடகத்துக்கு உச்சிமாகாளி எழுதிய ரிப்போர்ட்டை ஆசிப் லேமினேஷன் போட்டு கடையில் மாட்டி வைத்திருக்கிறான்.

“ஆண்கள் 31, பெண்கள் 22, குழந்தைகள் 6. மாலை 4.12: மூன்றாவது வரிசையில் பச்சைப் புடவை கட்டியிருந்த பெண் தன் செல்போனைப் பைக்குள் போட்டார். நாடகம் முடியும்வரை வெளியே எடுக்கவில்லை. 4.16: மேற்படி ரேஷன் கடைக்காரர் அரசாங்கத்தைப் பற்றி நீளமாகப் பேசியபோது ஏழு பேர் மின்விசிறியைப் பார்த்தனர். 4.19: கால் விரலை வைத்தபோது ஆண்களில் சிலர் சிரித்தனர். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தவர்களும் பெண்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டனர்.”

இவ்வளவுதான். நன்றாக இருந்தது என்றோ மோசமாக இருந்தது என்றோ ஒரு சொல் கிடையாது. ஆசிப்புக்கு முதலில் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பிறகு ரேஷன் கடைக்காரரின் நீளப் பேச்சை மொத்தமாக எடுத்தெறிந்தான். அடுத்த தடவை போட்டபோது மின்விசிறியை யாரும் பார்க்கவில்லை.

இப்படி எழுத எங்கே படித்தார் என்றால், போலீஸில்தான். உச்சிமாகாளிக்கு ஊர் வீரகேரளம்புதூர் பக்கம். வயலும் வரப்புமான குடும்பம், வீட்டுக்கு ஒருத்தன் போலீஸிலோ பட்டாளத்திலோ இருப்பான். இவர் போலீஸுக்குப் போனார். அடிக்கவும் மனசு வராது, வையவும் வராது, ஆனால் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். அதைப் பார்த்துத் தனிப்பிரிவில் போட்டுவிட்டார்கள். மஃப்டியில் போய்ப் பொதுக்கூட்டம், ஊர்வலம், கோயில் கொடை, நாடகம் எல்லாவற்றிலும் பின்னால் நின்று, எத்தனை பேர் வந்தார்கள், யார் என்ன பேசினார்கள், என்ன நடந்தது என்று எழுதி மேலே அனுப்புகிற வேலை. மஃப்டி என்று பேர்தானே தவிர, அந்த ஒட்ட வெட்டின தலையையும் பழுப்பு நிற ஷூவையும் பார்த்ததுமே டீக்கடைக்காரன் காசு வாங்க மாட்டான்.

கண்டதை எழுது, கருத்து எழுதாதே என்று சேர்ந்த அன்றைக்கே சொல்லிக் கொடுத்தார்கள். ரிப்போர்ட்டின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: கூட்டம் அமைதியாகக் கலைந்து சென்றது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வரியை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. சில நாள் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டுப் போனதும் உண்டு.

பொதுக்கூட்டங்கள் அவருக்குச் சலித்துப்போயின. எல்லாரும் ஒரே பேச்சைத்தான் ஆளுக்கு ஆள் மாற்றிப் பேசினார்கள். ஆனால் எப்போதாவது வருகிற வீதி நாடகத்துக்கும் சின்ன நாடகத்துக்கும் போட்டால் மட்டும் மனுஷர் சந்தோஷமாகப் போவார். வெறும் தரையில் நாலு பேர் வந்து நின்று, இது வீடு என்று சொன்னால் வீடாகிவிடுகிறது, இது ஆறு என்று சொன்னால் ஆறாகிவிடுகிறது. அதைச் சொன்னவனைவிட நம்பினவர்களைப் பார்ப்பதில்தான் அவருக்கு ருசி. தலை எண்ணிக்கொண்டிருந்த ஆள் பாதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டு நிற்பார். வேலையில் அது குற்றம்தான், ஆனால் யாருக்கும் தெரியாது.

தெரிகிற மாதிரி ஒரு தப்பு நடந்தது. பதினோரு வருஷம் முந்தி.

வாசுதேவநல்லூரிலிருந்து ஆறு பேர் கொண்ட ஒரு குழு, அஞ்சு ஊரில் ஒரு நாடகம் போட அனுமதி வாங்கியிருந்தது. எழுதியது முத்துச்செல்வி என்று ஒரு பெண். தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்போது இருபத்தாறு வயசு இருக்கலாம். நாடகத்துக்குப் பேர் ‘தூக்குச்சட்டி’. கல் ஏற்றிப் போகிற லாரி மோதி ஒரு ஆள் ரோட்டில் செத்துப்போகிறான். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்து லாரிக்காரர்களோடு பேசி முடிக்கிறார்கள். செத்தவனின் பொண்டாட்டி ஒரு ஓரத்தில் நிற்கிறாள். அவள் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாள், அவர் சோறு கொண்டுபோன தூக்குச்சட்டி எங்கே என்று. யாரும் பதில் சொல்லவில்லை. கடைசியில் பேச்சு முடிந்து எல்லாரும் எழுந்து போனபிறகு, அவள் டீக்கடை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுபோய் ரோட்டின் நடுவில் போட்டு உட்காருகிறாள். தூரத்தில் லாரி வருகிற சத்தம் கேட்கிறது. அதோடு முடிந்தது. மொத்தம் பதினாலு நிமிஷம்.

முதல் ஊர் வீரகேரளம்புதூரிலிருந்து நாலு மைல். சாயந்திரம் ஆறு மணிக்கு நடந்தது. உச்சிமாகாளி ஒரு மஞ்சணத்தி மரத்துக்குக் கீழே நின்று பார்த்தார். நாடகம் முடிந்தது, யாரும் கை தட்டவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை. அந்த ஊரில் பாதிப் பேர் கல்குவாரியில் வேலை பார்க்கிறவர்கள். ஒரு கிழவர் அழுதார். ரெண்டு மூணு பேர் கோபமாகப் பேசிக்கொண்டார்கள். உச்சிமாகாளி வாட்சைப் பார்த்தார். இருபது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றை அவர் கண்டதில்லை.

அன்றைக்கு ராத்திரி ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தவருக்கு அந்தக் கடைசி வரியை எழுதக் கை வரவில்லை. அந்த நாடகத்துக்கு ஏதாவது மரியாதை செய்ய வேண்டும்போல இருந்தது. கருத்து எழுதக் கூடாது. கண்டதைத்தான் எழுதலாம். கண்டதையே எழுதினார்: “நாடகம் முடிந்து இருபது நிமிடம் ஆகியும் கூட்டம் கலையவில்லை. சிலர் அழுதனர். சிலர் லாரி உரிமையாளர்களைப் பற்றிக் கோபமாகப் பேசிக்கொண்டனர்.” தன் வாழ்க்கையில் ஒரு நாடகத்துக்குக் கொடுத்த முதல் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு மறுநாள் அனுப்பி வைத்தார்.

மூணாம் நாள் மற்ற நாலு ஊருக்கும் அனுமதி ரத்தாகிவிட்டது. சனங்கள் கொந்தளித்துவிட்டார்கள் என்று காரணம். அதிகாரியிடம் போய் நின்று, “ஐயா, அது நல்ல நாடகம்யா, அதனாலதான் கலையலை” என்றார். “ஏன்யா, ரிப்போர்ட் எழுதுனியா, விமர்சனம் எழுதுனியா? கூட்டம் கலையலை, கோபமா பேசுதாங்கன்னு எழுதிட்டு, இப்ப வந்து நல்ல நாடகம்ங்கிற?” என்று கேட்டார் அதிகாரி. உச்சிமாகாளி சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தார்.

அந்தக் குழு அதோடு கலைந்தது. போலீஸ் வரைக்கும் போன பெண் என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு வந்து, முத்துச்செல்வி வேலையை விட்டுவிட்டதாகப் பிறகு காதில் விழுந்தது. அப்புறம் அந்தப் பேரை எந்த நோட்டீஸிலும் அவர் பார்க்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு ஆசிப்பின் நாடகங்களுக்குத் தேடிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார ஆரம்பித்தாரே, அதை ஒரு பொழுதுபோக்கு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் மனைவி சங்கரேஸ்வரிக்கு மட்டும் விஷயம் தெரியும். மேலே அனுப்பின கையால் இப்போது நாடகம் எழுதினவர்களுக்கே அனுப்பிப் பாவத்தைக் கழிக்கிறார் என்று அவளுக்குப் புரிந்திருந்தது.

இந்த வருஷச் சாரல் சீசனுக்கு நாடகத்தைக் குற்றாலத்தில் வைத்தார்கள். ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜ்காரர் தன் மீட்டிங் ஹாலைச் சும்மா கொடுத்தார். மத்தியானம் மூணு மணிக்கு. நோட்டீஸைக் கொடுக்க ஆசிப் வீட்டுக்கே வந்தான். மூன்றாவது நாடகம், ‘மணி அடிச்சாச்சு’. எழுத்து: முத்துச்செல்வி, வாசுதேவநல்லூர்.

“யாரு இது?” என்று கேட்டார் உச்சிமாகாளி, தெரியாதவர் மாதிரி.

“டீச்சர் அண்ணாச்சி. இப்ப கவர்மெண்ட் ஸ்கூல்ல இருக்கா. முந்தி எழுதிட்டு இருந்தாளாம், விட்டுட்டாளாம். நான்தான் ஆறு மாசமா நச்சரிச்சு எழுத வச்சேன். இது சரியா வரலைன்னா இத்தோட முழுக்கு போட்டுருவேன்னு சொல்லுதா.” ஆசிப் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டுத் திரும்பினான். “உங்க ரிப்போர்ட்டைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கா. எனக்கும் ஒண்ணு எழுதித் தரச் சொல்லுங்கன்னு ரெண்டு தடவை கேட்டுட்டா. பாத்து எழுதுங்க அண்ணாச்சி.”

பாத்து எழுதுங்க என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா. அன்று முழுவதும் நோட்டீஸை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். சாயந்திரம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சங்கரேஸ்வரியிடம், முழங்கால் வலியாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போகவில்லை என்றார்.

“முழங்காலுக்கு வலிக்குதா, மனசுக்கு வலிக்குதா?” என்றாள் அவள். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“என்னத்தச் சொல்லுதது அந்தப் பிள்ளைகிட்ட? நான்தாம்மா உன் பொழப்பைக் கெடுத்தவன்னு சொல்லவா?”

“சொல்லுங்களேன். சொல்லாம இருந்து அந்தப் பிள்ளைக்கு என்ன லாபம் வந்துருக்கு?”

அவருக்குக் கோபம் வந்தது. இவளுக்கு எல்லாம் லேசு என்று நினைத்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கே சட்டையை மாட்டிக்கொண்டு குற்றாலம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்.

ஹாலில் பாதிப் பேர் நாடகக் குழுவின் சொந்தக்காரர்கள். மீதிப் பாதி அருவியில் குளித்துவிட்டு மழைக்கு ஒதுங்கின கூட்டம். ஈரத்தலையில் துண்டு சுற்றினவர்கள், கையில் நேந்திரம் சிப்ஸ் பொட்டலம் வைத்திருக்கிறவர்கள், முறுக்குக் கடிக்கிறவர்கள். நாடகம் பார்க்க இதைவிட நல்ல சனம் கிடையாது என்பது உச்சிமாகாளியின் எண்ணம். இவர்கள் யாருக்கும் எதுவும் கடமை இல்லை. பிடித்தால் இருப்பார்கள், பிடிக்காவிட்டால் மழையோடு மழையாகக் கிளம்பிவிடுவார்கள்.

முதல் நாடகம் ஒரு பல் டாக்டர் எழுதியது. நாலு பிள்ளைகள் குடும்ப வாட்ஸப் குழுவில் அம்மாவை மாசம் மாசமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, போனைப் பார்த்தே பேசுகிறார்கள். அம்மாவாக நடிக்க ஆளே இல்லை, ஒரு காலி நாற்காலி மட்டும். ஒவ்வொரு மாசத்துக்கும் அதை ஒருவர் ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போகிறார். நாற்காலிக் கால் தரையில் உரசுகிற சத்தம் வரும்போதெல்லாம் ஹாலில் ஒருத்தராவது நெளிந்தார்கள். உச்சிமாகாளி நேரம் போட்டு எழுதிக்கொண்டார். பல் டாக்டருக்குக் கை நடுக்கம் இல்லை, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தியிருந்தார். ரெண்டாவது நாடகத்தில் வசனம் அதிகம், வெளியே மழை விட்டுவிட்டதா என்று பதினாலு பேர் ஜன்னலை எட்டிப் பார்த்தார்கள்.

மூன்றாவது நாடகம் தொடங்கியபோது அவர் பேனாவை மூடிவிட்டார்.

மேடையில் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறை. மூணு டீச்சர்கள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிப்பும் பேச்சுமாக இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை பத்து நாளாக வரவில்லை. கல்யாணம் பேசிவிட்டார்களாம், காய்ச்சலாம், அவள் மாமன் வீட்டில் இருக்கிறாளாம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பேச்சு பொரியலுக்குப் போகிறது, புடவைக்குப் போகிறது, திரும்ப அந்தப் பிள்ளைக்கு வருகிறது. நன்றாக எழுதியிருந்தாள். ஹால் சிரித்தது, அப்புறம் சிரிப்பு குறைந்தது. அந்தப் பிள்ளை வந்து கதவருகில் நிற்கிறாள். யூனிஃபார்ம் போட்டிருக்கிறாள், ரெட்டைச் சடையில் ஒன்று அவிழ்ந்திருக்கிறது. “டீச்சர்” என்கிறாள். மூணு பேரும் திரும்புகிறார்கள். அவள் வாயைத் திறக்கிறாள். மணி அடித்துவிடுகிறது. டீச்சர்கள் பதறி டிபன் பாக்ஸைத் தேட, ஒருத்தியின் மூடி இன்னொருத்தியிடம் போக, எல்லாரும் சிரித்துக்கொண்டே ஓட, விளக்கு அணைந்தது.

கைதட்டல் பலமாகவே இருந்தது. ரெண்டு நிமிஷத்தில் சனங்கள் பஜ்ஜி வாங்க வெளியே போய்விட்டார்கள்.

உச்சிமாகாளி எழுந்திருக்கவில்லை. அவருக்கு நெஞ்சு வலித்தது. நாடகம் மோசம் என்றால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நாடகம் அந்தக் கதவு வரைக்கும் பிரமாதமாக வந்து, கதவருகில் பயந்து திரும்பி ஓடியிருந்தது. ஏன் பயந்தது என்று அந்த ஹாலில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். நன்றாக இருந்தது டீச்சர் என்று சொல்லிவிடலாம். அவள் சந்தோஷமாக இன்னும் நாலு நாடகம் எழுதுவாள், நாலிலும் மணி அடிக்கும். உள்ளதைச் சொன்னால் அவள் இத்தோடு முழுக்கு போட்டுவிடலாம். காரணத்தைச் சொல்லாமல் உள்ளதை மட்டும் சொல்வதோ அயோக்கியத்தனம். யோசித்து யோசித்து நாலாவது நாடகத்தில் என்ன நடந்தது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

எல்லாம் முடிந்தபிறகு முத்துச்செல்வி அவளாகவே வந்தாள். ரெண்டு கையிலும் டீ. லாட்ஜ் வராந்தாவில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், காதோரம் கொஞ்சம் நரைத்திருந்தது.

“அண்ணாச்சி, என் ரிப்போர்ட்டுக்காக வந்திருக்கேன். நாளைக்கு வரைக்கும் என்னால பொறுக்க முடியாது. வாயாலயே சொல்லுங்க.”

“நல்லா கை தட்டுனாங்க டீச்சர்” என்றார் உச்சிமாகாளி.

“அது எனக்கும் கேட்டுச்சு. நீங்க கண்டதைச் சொல்லுங்க.”

அவர் டீயைக் கீழே வைத்தார். “ரெண்டாவது வரிசையில ஒரு அம்மா முறுக்கு தின்னுட்டு இருந்தா. அந்தப் பிள்ளை கதவுகிட்ட வந்து நின்னதும், கடிக்கப் போன முறுக்கை அப்படியே கையில பிடிச்சுட்டா. ஹால் மொத்தமும் மூச்சைப் பிடிச்சுட்டு இருந்துச்சு. மணி அடிச்சது. அந்த அம்மா முறுக்கைக் கடிச்சிட்டா.”

முத்துச்செல்வியின் முகம் விழுந்துவிட்டது. ஆனால் மறுக்கவில்லை.

“அந்தப் பிள்ளைக்கு ஒரு பக்கம் வசனம் எழுதி வச்சிருந்தேன் அண்ணாச்சி. கிழிச்சுப் போட்டுட்டேன். என் கிளாஸ் பிள்ளை ஒண்ணு எங்கிட்டச் சொன்னதுதான். மேடையில சொன்னா யாருக்காவது கோவம் வரும். முந்தி ஒரு தடவை நான் நாடகம் போட்டு...”

“தெரியும்” என்றார் அவர்.

“என்ன தெரியும்?”

“தூக்குச்சட்டி. அன்னைக்கு நான் அங்கன இருந்தேன். பின்னால மரத்தடியில. தனிப்பிரிவுல ஏட்டா இருந்தேன் டீச்சர். ரிப்போர்ட் எழுதி அனுப்புனது நான்தான்.”

சொல்லிவிட்டு அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். வராந்தாக் கம்பியில் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்து, யாரும் எதுவும் தரப்போவதில்லை என்று கண்டுகொண்டு போயிற்று. கடைசியில் அவள்தான் கேட்டாள்.

“என்ன எழுதுனீங்க?”

அவர் மனப்பாடமாகச் சொன்னார். நாள், இடம், ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, பிறகு அந்த மூணு வரி. இருபது நிமிடம் ஆகியும் கூட்டம் கலையவில்லை.

“இருபது நிமிஷமா?” என்றாள். குரல் மாறியிருந்தது. “இருபது நிமிஷம் இருந்தாங்களா?”

“நீங்க பாக்கலையா?”

“நான் எங்க பாத்தேன். கடைசி பஸ்ஸுன்னு எங்க அம்மா குழு மொத்தத்தையும் கையோட இழுத்துட்டுப் போயிட்டா. கை தட்டலையேன்னு பஸ்ஸுல அழுதுட்டே போனேன். மூணாம் நாள் சனங்க கொந்தளிச்சுட்டாங்கன்னு வந்து சொல்லுதாங்க. எல்லாரும் குவாரியில வேலை பாக்கிறவங்கல்லா. பொழப்பைக் கெடுக்க வந்தவன்னு என்னையத்தான் வஞ்சிருப்பாங்கன்னு நினைச்சேன்.”

“உங்களை யாரும் வையலை. லாரிக்காரனைத்தான் வஞ்சாங்க. ஒரு கிழவர் ரோட்டுல கிடந்த அந்த ஸ்டூல்கிட்டப் போய் நின்னு, அதைத் தூக்கி ஓரமாப் போட்டாரு. லாரி வந்துருமோன்னு பயந்தவர் மாதிரி.”

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். சத்தம் போடாமல் அழுதாள். உச்சிமாகாளிக்கும் கண் கலங்கியது. “நல்லதுன்னு நினைச்சுத்தான் எழுதுனேன் டீச்சர். எழுதத் தெரியாம எழுதிட்டேன். தப்பு என்மேலதான்” என்றார்.

“எழுதுனதுல என்ன தப்பு சார். கண்டதைத்தான எழுதுனீங்க.” அண்ணாச்சி போய் சார் வந்திருந்ததை அவர் கவனித்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இப்போது அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது. “ஆனா யாருக்கு அனுப்புனீங்க? படிக்க வேண்டிய ஆளு நான்லா. பர்மிஷன் பேப்பர்ல என் அட்ரஸ் இருந்திருக்கும். உங்க ரிப்போர்ட்லயும் எழுதியிருப்பீங்க. ஒரு கார்டு போட்டிருக்கலாம்லா. கையெழுத்துகூட வேண்டாம். இருபது நிமிஷம் இருந்தாங்கன்னு ஒத்தை வரி போதுமே சார். நான் பாட்டுக்கு எழுதிட்டு இருந்திருப்பேனே.”

உச்சிமாகாளி வாயைத் திறந்தார். அந்த நேரம் வேலையில் இருந்தேன் என்று சொல்லலாம். விதி அப்படி என்று சொல்லலாம். ஓய்வு பெற்று மூணு வருஷம் ஆகிறதே, அதற்கு என்ன சொல்வது. அதிகாரியிடம் போய் நிற்கத் தோன்றியதே தவிர, இவளிடம் சொல்லத் தோன்றவில்லை. தனக்கு அது ஒருநாளும் தோன்றவில்லை என்பதுதான் அவரை அடித்துப்போட்டது.

உள்ளேயிருந்து ஆசிப் அவளைக் கூப்பிட்டான், வாசுதேவநல்லூர் பக்கம் போகிற கார் கிளம்புகிறது என்று. அவள் எழுந்து பையைத் தோளில் போட்டாள். ஒரு அடி போனவள் நின்றாள்.

“இன்னைக்கு உள்ளதை எழுதுங்க. முறுக்கை விட்டுறாதீங்க. கிழிச்ச பக்கத்தை நான் திரும்ப எழுதணும். ஆசிப்கிட்டக் குடுக்க வேண்டாம். தபால்ல எனக்கே போடுங்க.”

“பதினெட்டு பார் மூணு, பிள்ளையார் கோயில் மேலத் தெரு, வாசுதேவநல்லூர்” என்றார் உச்சிமாகாளி. பதினோரு வருஷம் முந்தி ஒரே ஒரு தடவை எழுதிய விலாசம், ஒரு எழுத்து பிசகாமல் வந்தது.

முத்துச்செல்வி அவரையே பார்த்தாள்.

“வீடு மாத்தலை சார்” என்றாள். “இத்தனை வருஷமும் அங்கனதான் இருந்தேன்.”